அடிப்புறம் இல்லாத கப்பல்

முன்னொரு காலத்தில், ஓர் ஆறு கடலோடு சேரும் இடத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே மன்னரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நிலம் கேட்கலாம், பசு கேட்கலாம், பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரனின் தலையைக்கூடக் கேட்கலாம். கிடைப்பது அவரவர் நேரம். ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது. பவளாயி அரண்மனையில் விகடகவியாகச் சேர்ந்த அன்றே, வாயிற்காவலனிலிருந்து ராஜகுரு வரை ஒவ்வொருவரும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அதைச் சொல்லிவைத்தார்கள்.

அதைத்தான் அவள் அன்று சபை நடுவில் நின்று கேட்டாள்.

"மகாராஜா, உங்கள் கப்பலின் அடிப்புறத்தை நான் பார்க்க வேண்டும்."

வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்களின் தாடை அப்படியே நின்றது. சாமரம் வீசியவள் வீசுவதை மறந்தாள். துறைமந்திரி கலங்காதராயர் மட்டும் மெதுவாக எழுந்தார். துறைமுகம், கப்பல், படகு எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அவர் காலில் கடற்கரை மணல் பட்டதை யாரும் பார்த்ததில்லை.

"மன்னர்பெருமானின் கப்பலுக்கு அடிப்புறம் கிடையாது. இது அறியாதவளா நீ?"

விஷயம் இதுதான். மன்னர் மகரகேதுவின் பாட்டனார் ஒரு விதி போட்டிருந்தார்: அரசரின் கப்பல் கரையேறினால் ராஜ்யம் கவிழும். அதற்கு மேல் கலங்காதராயர் இன்னொன்றைச் சேர்த்தார்: கப்பலில் தண்ணீருக்குள் இருக்கும் பகுதி வருண பகவானுக்குச் சொந்தம்; அதைப் பார்ப்பது, தொடுவது, அப்படி ஒன்று இருப்பதாகப் பேசுவது எல்லாம் ராஜத்துரோகம். ஆகவே சபையின் கணக்கில் அந்தக் கப்பலுக்குக் கொடிமரம் உண்டு, பாய் உண்டு, பட்டு விரித்த ஆசனம் உண்டு. அடிப்புறம் மட்டும் இல்லை.

இல்லாததை அவள் ஏன் கேட்டாள்?

மாசி மகத்தன்று மன்னர் கப்பலில் ஏறிக் கடலாடப் போவார். ஊர்ப் படகுகள் பின்னால் வரவேண்டும். சில வருஷங்களாகக் கப்பல் நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. மன்னரை முந்திவிடக் கூடாதே என்று மீனவர்கள் துடுப்பைப் பின்பக்கமாகப் போட்டுத் தங்கள் படகைத் தாங்களே தடுத்துக்கொண்டு வந்தார்கள். இந்த மாசியில் அதுவும் முடியவில்லை. காற்று சற்றுத் தூக்கிக் கொடுத்தது. ஒரு கருவாட்டுப் படகு மன்னரைத் தாண்டிப் போனது. போனதோடு நில்லாமல் மன்னரின் மூக்குக்கு நேராகவும் போனது.

யார் காரணம் என்று மன்னர் கேட்டார். துடுப்புக்காரர்களின் சோம்பல்தான் காரணம் என்றார் கலங்காதராயர். வைகாசிப் பௌர்ணமியன்று துடுப்புக்காரர்கள் எல்லோருடைய கட்டைவிரலையும் வெட்டுவது என்று தீர்ப்பாயிற்று. கட்டைவிரல் இல்லாதவன் துடுப்புப் பிடிக்க முடியாது, வலை இழுக்க முடியாது, சோற்றைக்கூட உருட்ட முடியாது. அவர்களுக்குத் தலைவனாக உட்கார்ந்து துடுப்புப் போட்டவன் மாசானம், பவளாயியின் கூடப்பிறந்த அண்ணன்.

சிறைக் கம்பி வழியாக அவன் தங்கையிடம் சொல்லியிருந்தான். "தண்ணிக்குள்ள ஆள் நின்னு புடிச்சு இழுக்கிற மாதிரி இருந்துச்சு பிள்ள. கொட்டலசு அப்பிக் கெடக்கு. கைக்குத் தெரியும்லா."

"அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அடிப்புறம் இருக்குன்னு சொன்ன குத்தத்துக்குத் தலை போவும். வெரல்னா அஞ்சுல நாலாவது மிச்சம் நிக்கும்."

கொட்டலசு என்பது கடலில் கிடக்கும் எதன் மேலும் வந்து ஒட்டிக்கொள்ளும் ஓட்டுப் பூச்சி. ஒட்டிய இடத்தை விட்டு உயிர் போனாலும் போகாது. செத்தாலும் ஓடு அங்கேயே நிற்கும். அதன் மேல் பாசி பிடிக்கும், பாசி மேல் ஆளிச் சிப்பி ஒட்டும். மீனவர்கள் அதனால்தான் படகை அடிக்கடி கரையில் இழுத்துப் போட்டு, சுரண்டி, ஓலைத் தீ காட்டி, புன்னை எண்ணெயில் குழைத்த சுண்ணாம்பை அடியில் பூசுவார்கள். மன்னர் கப்பலுக்கும் 'காப்புத் தைலம்' என்று சொல்லி, மீனவர் குடியிருப்பான கரையூரின் ஆட்களிடம் வருஷாவருஷம் குடம் குடமாய்ப் புன்னை எண்ணெயும் சுண்ணாம்பும் வாங்கினார்கள். மேளதாளத்தோடு கலங்காதராயர் ஒரு கரண்டி எண்ணெயைக் கப்பலின் முகப்பில் ஊற்றுவார். மிச்சக் குடங்கள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், எங்கே பூசுவது என்ற பேச்சு வரும், அடிப்புறம் என்ற வார்த்தை வரும், தலை போகும்.

பவளாயிக்கு யாரையும் எளிதில் நம்பும் வழக்கம் இல்லை. அவள் வீட்டில் ஏடு பிடித்துப் படித்த முதல் ஆள் அவள்தான். படிக்கப் போன இடத்தில் அவள் கற்றது இலக்கணம் பாதி. யார் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று கவனிப்பது பாதி. இப்போது சபை நடுவிலும் கவனித்தாள். அடிப்புறம் என்ற சொல்லைக் கேட்டதும் மன்னருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கலங்காதராயரைத்தான் முதலில் பார்த்தார். பிறகுதான் சிரித்தார்.

"நம் விகடகவிக்கு ஆசை வந்துவிட்டது. என்ன செய்யலாம், ராயரே?"

"பார்க்கட்டும், பிரபு" என்றார் கலங்காதராயர், தேன் தடவிய குரலில். "மூதாதையர் விதிக்கும் வருண பகவானுக்கும் பங்கம் வராமல் பார்க்கட்டும். கப்பல் கரைக்கு வரக் கூடாது. யாரும் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. கப்பலை ஒரு விரல்கூடத் தொடக் கூடாது. வைகாசிப் பௌர்ணமிக் காலைக்குள் தங்களுக்கும் காட்ட வேண்டும். தவறினால், துடுப்புக்காரர்களின் விரல்களோடு விகடகவியின் நாக்கும் சேரட்டும்."

"காட்டிவிட்டால்?" என்றாள் பவளாயி.

"விரலும் உன் நாக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும்" என்றார் மன்னர். "பரிசும் உண்டு."

"நிபந்தனை அவ்வளவுதானா, ஐயா? வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பிற்பாடு நினைவு வந்தால் சங்கடம்."

அவள் இவ்வளவு நிதானமாகக் கேட்டது கலங்காதராயருக்குப் பிடிக்கவில்லை. யோசித்தார். "கப்பல் நங்கூரம் போட்ட இடத்தை விட்டு நகரவும் கூடாது" என்று ஒன்றைச் சேர்த்தார். இன்னும் யோசித்தார். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"சரி" என்று அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். விகடகவியின் குல்லாவில் தைத்த மணிகள் வாசல் வரைக்கும் கிணுகிணுத்தன.

அன்று மாலை அவள் அறைக்கு ஒரு தட்டு அதிரசம் வந்தது. துறைமந்திரியின் அன்பளிப்பு என்றான் கொண்டுவந்தவன். கூடவே ஒரு செய்தி: விரலோடு போகட்டும், நாக்கைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது, வந்து பேசினால் சொல்கிறேன். பவளாயி ஓர் அதிரசத்தைப் பிட்டு மூலையில் எறும்புக்குப் போட்டாள். எறும்பு சாகவில்லை. அப்படியும் அவள் தின்னவில்லை.

ஆனால் பேசப் போனாள்.

"ஐயா, ஒரே ஒரு உதவி. தயவுசெய்து கப்பலைச் சுற்றிக் காவல் மட்டும் போட்டுவிடாதீர்கள்" என்றாள்.

"ஏன்?"

"அதை எப்படி நான் சொல்வேன்?"

கலங்காதராயர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் வெளியே வருவதற்குள் உத்தரவு அவளைத் தாண்டி ஓடியது. இருட்டுவதற்குள் கப்பலைச் சுற்றித் தோணி தோணியாகக் காவல். ஈ, காக்கை அண்ட முடியாது. பவளாயிக்கு வேண்டியதும் அதுதான். அடிப்புறத்தைக் காட்டிய பிறகு, 'கொட்டலசை நீயே கொண்டுபோய் ஒட்டினாய்' என்று ஒரு வாய் சொல்லும். அந்த வாய் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். இப்போது அந்த வாய்க்கு எதிரே அந்த வாயின் சொந்தக் காவலர்களே சாட்சி.

அங்கிருந்து நேராகக் கரையூருக்குப் போனாள். அண்ணன் பெண்டாட்டி பேச்சி, கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வீட்டுச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஊரில் ஆறு கடலில் விழும் வாய்க்குப் பொழி என்று பேர். கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து பொழியை அடைத்துவிடும். மலையில் முதல் மழை விழுந்ததும், கடலுக்குப் போக வழியில்லாமல் ஆற்றுத் தண்ணீர் உள்ளே ஏறி உப்பங்கழியில் நிற்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் ஊரார் கூடி மணலை வெட்டி விடுவார்கள். அதைத்தான் பொழி முறிப்பது என்பார்கள். தேங்கிய கழி முழுக்கக் கடலுக்கு ஓடிவிடும். மன்னரின் கப்பல் நங்கூரம் போட்டிருந்ததும் அந்தக் கழியில்தான். பொழி அடைபட்ட நாளிலிருந்து அது வெளியே போகவும் வழியில்லை. எப்போதும் பொழி முறிக்கப் போவதாகச் சேதி வந்ததும் துடுப்புக்காரர்கள் துடுப்பு வலித்துக் கப்பலை ஆழத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இந்த வருஷம் துடுப்புக்காரர்கள் சிறையில் இருந்தார்கள். அந்த வேலை ஒன்று உண்டு என்பதே அரண்மனையில் யாருக்கும் தெரியாது.

"ஏட்டி பவளாயி" என்றாள் பேச்சி, நிமிராமலே. "சபையில போயி ராசாகிட்ட அடியக் காட்டும்னு கேட்டியாமே. ஊரே சிரிக்கி. ஒனக்கு நாக்கு பாரமா இருக்கா?"

"மதினி, பொழி எப்ப முறிக்கப் போறிய?"

"நாளைக்கு. பாக்கலியா, அடுப்புக்குள்ள மீனு நீந்துது."

"பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் பொறுங்க. அன்னைக்குக் கடல் நல்லா உள்ள வாங்கும். தண்ணி கடைசி வரைக்கும் வடியும்."

பேச்சி இப்போது நிமிர்ந்தாள். கழியின் நடுவில் கொடி பறக்க நிற்கும் கப்பலைப் பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் கலங்காதராயரின் முத்துக்குளிக்கும் படகுகள் வரிசையாக நின்றன. மந்திரி என்பதால் அவர் படகுகளுக்கும் அங்கே இடம். பேச்சி பார்வையைத் திருப்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

"அதுவரைக்கும் பிள்ளைகள எங்க படுக்க வைக்க?"

"தெரியல மதினி."

பேச்சி அண்ணாந்து பரணைப் பார்த்தாள். "பரண்ல ஏத்திக்கிடுதேன்" என்றாள் பிறகு. "ஊர்க்காரவுகளுக்கு என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். நாள் சரியில்லைன்னு சொல்லுங்க. இங்க எவன் அதிரசம் தின்னான்னு எனக்குத் தெரியாது."

"என் புருசன் ஊரயே சந்தேகப்படுதியாட்டி?"

"எல்லாரையும்தான்" என்றாள் பவளாயி. பிறகு தாழ்ந்த குரலில் வேறு ஏதோ சொன்னாள். பேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா முடிவு பண்ணிட்ட?" என்றாள். "சரி. மூட்டையக் கொண்டா."

பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் கரையூர்க்காரர்கள் மண்வெட்டியோடு மணல் மேட்டில் ஏறினார்கள். முதலில் ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்குத்தான் வாய்க்கால் வெட்டினார்கள். தண்ணீர் அதில் மெல்ல எட்டிப் பார்த்தது. வழி உண்டென்று தெரிந்ததும் அது யாரையும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் மணலை இடித்துத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. காவல் தோணியில் இருந்தவர்கள் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலை யாராவது தொடுகிறார்களா என்று பார்க்கத்தானே அவர்களுக்கு உத்தரவு. தங்கள் தோணி சேற்றில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

மறுநாள் காலையில் மன்னர் பல்லக்கில் வந்தார். சபை முழுவதும் பின்னால் வந்தது. சங்கிலியோடு துடுப்புக்காரர்களையும், அவர்களுக்காக ஒரு வெட்டுக்கட்டையையும் கொண்டுவந்திருந்தார்கள்.

கழி இருந்த இடத்தில் சேறு இருந்தது. அதன் நடுவே, நங்கூரம் போட்ட அதே இடத்தில், மன்னரின் கப்பல் சாப்பிட்டுவிட்டுப் படுத்த எருமை போல ஒருக்களித்துக் கிடந்தது. மேலே பட்டும் பொன் முலாமும். கீழே, நீர்க்கோட்டிலிருந்து அடி வரைக்கும், பலகை ஒரு விரற்கடைகூடக் கண்ணில் படவில்லை. கொட்டலசு, கொட்டலசு மேல் கொட்டலசு, அதன் மேல் தாடி தாடியாகப் பாசி, பாசிக்குள் வாயைத் திறந்து மூடும் ஆளி. நாற்றம் தாங்காமல் ராஜகுரு மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பிரபு, ராஜ்யம் கவிழ்ந்தது" என்றார் கலங்காதராயர். "கப்பல் கரையேறிவிட்டது. இவளைப் பிடியுங்கள்."

"காவலர்களைக் கேளுங்கள், மகாராஜா" என்றாள் பவளாயி. "கப்பல் நகர்ந்ததா? யாராவது முங்கினார்களா? தொட்டார்களா?"

சேறு அப்பிய காவல் தலைவன் மந்திரியையும் மன்னரையும் மாறி மாறிப் பார்த்தான். "இல்லை, பிரபு. ஒருவரும் அண்டவில்லை. கப்பல் நின்ற இடத்திலேயேதான் நின்றது."

"கப்பல் கரைக்கு வரவில்லை, மகாராஜா. தண்ணீர்தான் கப்பலை விட்டுப் போயிருக்கிறது. தண்ணீருக்கு ராயர் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை."

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். கலங்காதராயர் முகம் கறுத்தது, ஆனாலும் விடவில்லை. "நாம் பார்ப்பது அடிப்புறமே அல்ல. அரசரின் கப்பலுக்கு அடிப்புறம் இல்லை. விதி அது."

"நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன், ஐயா. அடிப்புறம் இல்லையென்றால் கரையூர் ஆட்டிக்கொடுத்த அத்தனை குடம் எண்ணெயையும் எங்கே பூசினீர்கள்?"

அவர் வாயைத் திறந்தார்.

"பூசவே இல்லை என்றால், எண்ணெய் எங்கே என்று மன்னர் கேட்பார். பூசினேன் என்றால், அடிப்புறத்தைத் தொட்டதாக ஆகும்; அது ராஜத்துரோகம். எது வசதியோ அதைச் சொல்லுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்."

அவர் வாயை மூடினார்.

"பரவாயில்லை, அவருக்குப் பதிலாக வேறு யாராவது சொல்லட்டும்" என்று பவளாயி கையை நீட்டினாள்.

தண்ணீர் யார் படகு என்று பார்த்து வடியவில்லை. மன்னரின் கப்பலுக்கு அப்பால் முத்துப் படகுகளும் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. அவற்றின் அடிப்புறம் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் போலிருந்தது. ஒரு பொட்டுப் பாசி இல்லை. காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பியபோது புன்னை எண்ணெயின் வாசனை சபை முழுவதற்கும் வந்தது. ராஜகுரு மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

மன்னர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லக்கு ஆட, பல்லக்குத் தூக்கிகள் தள்ளாடச் சிரித்தார். சபையும் சிரித்தது.

"விரலை அவிழ்த்துவிடுங்கள், மகாராஜா. பிறகு சிரிக்கலாம்" என்றாள் பவளாயி.

சங்கிலிகள் கழன்றன. மாசானம் தன் இரண்டு கட்டைவிரல்களையும் தேய்த்துப் பார்த்துக்கொண்டான். தங்கை கண்ணால் காட்டினாள். அவனும் மற்றவர்களும் சத்தமில்லாமல் பொழிப் பக்கம் நடந்தார்கள். அவர்கள் மணல் மேட்டைத் தாண்டும் வரை அவள் திரும்பவே இல்லை.

மன்னர் அவளை அருகில் கூப்பிட்டார். குனிந்து அவள் காதோடு பேசினார்.

"நீ கெட்டிக்காரி. ஆனால் ஒன்றை மனத்தோடு வைத்துக்கொள். ராயரின் படகுகள் வேகமாக ஓடினால்தான் முத்தில் பாதி என் பெட்டிக்கு வரும். என் கப்பலோ வருஷத்தில் ஒரு நாள் ஓடுகிறது. எந்த அடியில் எண்ணெய் பூச வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?"

அன்று சபையில் அவர் யாரை முதலில் பார்த்தார் என்பது பவளாயிக்கு மறக்கவில்லை.

"அப்படியானால் விரல்கள், மகாராஜா?"

"கருவாட்டுப் படகு என்னை முந்தியதை ஊரே பார்த்ததே. யாராவது காரணமாக இருக்க வேண்டாமா?" என்றார் மன்னர், மிக இயல்பாக. பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இன்று முதல் நம் கப்பலுக்கு அடிப்புறம் உண்டு. கலங்காதராயர் இந்த ஒரு நாள் முழுவதும் தம் கையாலேயே அதைச் சுரண்டட்டும். நாளை வழக்கம் போல் சபைக்கு வரட்டும். நம் விகடகவிக்குப் பொற்குல்லாவும், முதல் தூணருகே ஆசனமும். நாளைக்கு இதைவிட நல்ல விகடமாகக் கொண்டுவா, பவளாயி."

கலங்காதராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மணல் படாத கால் முழங்கால் வரைக்கும் புதைந்தது. சபை மறுபடியும் சிரித்தது.

பவளாயி கப்பலருகே போனாள். தலையிலிருந்து மணிக் குல்லாவைக் கழற்றினாள். துருத்திக்கொண்டிருந்த ஒரு கொட்டலசில் அதை மாட்டினாள். அது கச்சிதமாக நின்றது.

மன்னருக்கு அது இன்னும் பெரிய விகடமாகத் தெரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பொற்குல்லாவை எடுத்துக்கொள்ளாமல் எங்கே போகிறாய்?" என்று சிரிப்பினூடே கேட்டார்.

அவள் பொழிப் பக்கம் திரும்பினாள். பொழி திறந்திருந்தது. அதற்கு அப்பால், திறந்த கடலில், துடுப்புக்காரர்களும் அவர்கள் பெண்டுபிள்ளைகளும் ஏறிய படகுகள் நின்றன. முதல் படகில் பேச்சி உட்கார்ந்திருந்தாள், அவள் மடியருகே பவளாயியின் ஏட்டு மூட்டை. அது முந்தின நாளே ஏறிவிட்டிருந்தது.

மன்னர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். கப்பல் பளபளப்பாகிவிடும், அதற்குத் துடுப்பு வலிக்க ஆள் இருக்காது. அது அவருக்குத் தெரிய அடுத்த மாசி ஆகும். பவளாயி மணலில் கால் புதையப் புதைய நடந்து போனாள்.